கால்நடைகளின் காவலருக்கு

நேற்றுக் காலை வேலந்தாவளத்திலிருந்து இரண்டு பேர் வந்து, உன் படம் போட்ட நோட்டீஸ் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அச்சு மை இன்னும் சரியாகக் காயவில்லை. பிடித்த இடத்தில் என் கட்டைவிரல் கறுத்துவிட்டது. கழுத்துவரை பித்தான் போட்ட கோட்டு, சரிகைத் தலைப்பாகை, ஒரு கை நாற்காலியின் முதுகில். அப்படி நிற்க உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில், 'ஏழைகளின் தோழர், கால்நடைகளின் காவலர்' என்று போட்டிருக்கிறார்கள். சந்தை வாசலில் உனக்குப் படத்திறப்பாம். உன் பழைய சிநேகிதன் என்பதால் நான் மேடையேறி நாலு வார்த்தை பேச வேண்டுமாம்.

"உங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு அவரப் பத்தி வேற யாருக்குங்க தெரியும்?" என்றார் வந்தவர்களில் மூத்தவர்.

"அதனாலதானுங்க நான் வரல," என்றேன்.

அவர்களுக்குப் புரியவில்லை. வயசானவனுக்கு நடக்க முடியவில்லை போலிருக்கிறது என்று தாங்களே முடிவு செய்துகொண்டு, மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மேடையில் சொல்ல முடியாததை உன்னிடமே சொல்லிவிடுகிறேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இருந்தவரை எதிராளி பேசி முடிப்பதற்கு முன்னால் பேச்சை மாற்றிவிடுவாய். இனிமேல் அது நடக்காது.

உன்னை முதன்முதலில் பார்த்தபோது நீ மாட்டுத் தரகன். துண்டுக்கு அடியில் விற்கிறவன் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தாய். நமக்கு அப்போது இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். நான் வடகரப்பதியிலிருந்து சந்தைக்கு வந்து மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பவன். நீ கெட்டிக்காரன், அதில் சந்தேகமே இல்லை. தவிட்டில் உப்பைக் கலந்து போட்டு, மாடு வயிறு முட்டத் தண்ணீர் குடித்ததும் அதைச் சந்தைக்குள் ஓட்டி வருவாய். எலும்பும் தோலுமாக இருந்தது மதியத்துக்குள் கொழுத்த மாடாகிவிடும். "நான் பொய் சொல்றதே இல்ல மாப்ளே. மாடுதான் சொல்லுது," என்று சிரிப்பாய். நானும் சிரித்தேன். வாங்கிக்கொண்டு போனவன் வீட்டில் மறுநாள் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

உன்னிடம் நல்லதே இல்லை என்று நான் சொல்லவில்லை. என் மனைவி பிரசவ வேதனையில் இரண்டு நாளாகத் துடித்தபோது, விடிந்தும் விடியாமலும் உன் சவாரி வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்து நின்றாய். "அழுகாதடா. என்ற மாடு பறக்கும். உன்ற பொண்டாட்டி சாக மாட்டா," என்றாய். பாலக்காட்டு ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தும்போது உன் காளைகள் நுரை தள்ளிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று அதன் பிறகு ஓட்டத்துக்கு உதவவில்லை. நீ ஒரு சொல் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. அவளும் பிழைத்தாள், பையனும் பிழைத்தான். அந்த ஒரு பகலை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் உன்னை மன்னித்துக்கொண்டே இருந்தேன். யோசித்துப் பார்த்தால், நீ செய்த வியாபாரங்களிலேயே பெரிய லாபம் அதுதான்.

தரகன் வியாபாரி ஆனாய். சந்தைக் குத்தகையை எடுத்தாய். பிறகு தோல் கிடங்கு கட்டினாய். செத்த மாட்டின் தோல் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து உன் கிடங்குக்கு வந்து, உப்புப் போட்டுக் கட்டாகி, கோயமுத்தூர்ப் பக்கம் போனது. உயிரோடு இருந்தால் சந்தையில் உனக்கு, செத்தால் கிடங்கில் உனக்கு. இந்தப் பக்கத்து மாடுகளுக்கு உன்னைத் தாண்டிப் போக வழியே இல்லாமல் போயிற்று.

கையில் வசதி வந்ததும் உனக்கு மரியாதை வேண்டியிருந்தது. சமஸ்தானத்துச் சட்டசபைக்குத் தேர்தல் என்றார்கள். வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும் ஓட்டு. அவர்கள் எத்தனை பேர், எந்தெந்த வீடு என்பது உனக்குத் தெரியும். எல்லாரும் உன்னிடம் மாடு வாங்கியவர்கள். வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனாய். ஒவ்வொரு பெரியவர் காலிலும் விழுந்தாய். "உங்க ஊட்டுப் புள்ளையாட்ட நெனச்சு ஓட்டுப் போடோணுமுங்க," என்று கண் கலங்கினாய். வண்டி திரும்பியதும் அதே மனுஷனைப் பற்றி, "கெழவன் அடுத்த ஐப்பசியத் தாண்ட மாட்டான். அதுக்குள்ள ஓட்டுப் போட்டுட்டாச் செரி," என்றாய். கலங்கிய கண் இன்னும் காயவில்லை. எந்தக் கண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நான் அன்றைக்கெல்லாம் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜெயித்தாய். ஒருமுறை என்னை எர்ணாகுளத்துக்குக் கூட்டிப்போய், சபை நடப்பதைப் பார்க்கிறவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார வைத்தாய். நாற்காலியில் சாய்ந்து நீ நன்றாகத் தூங்கினாய். பக்கத்தில் இருந்தவர் இருமினார். திடுக்கிட்டு எழுந்து, இன்னும் வாசிக்கவே வாசிக்காத தீர்மானத்தை ஆமோதித்தாய். சபை முழுக்கச் சிரித்தது. உன் பேச்சை ரசித்துச் சிரிக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு நாலா பக்கமும் கும்பிட்டாய். வெளியே வந்ததும், "பாத்தியா மாப்ளே, எல்லாரும் எப்பிடிப் பழகறாங்க," என்றாய். எனக்கு உடம்பு கூசிற்று. நம் ஊருக்காக நீ கேட்டு வாங்கியது ஒரே ஒரு சாலை. அது உன் தோல் கிடங்கு வாசலோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் இருக்கிறவர்கள் இன்றைக்கும் சேற்றில்தான் நடக்கிறார்கள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய அற்பத்தனம். இதற்காக நான் எழுத உட்காரவில்லை.

நீ மெம்பர் ஆன மறு வருஷம், மாசி மாதப் பெரிய சந்தைக்கு நாலு நாள் முன்னால், கிழக்கேயிருந்து ஒரு மந்தை வந்து இறங்கியது. தண்ணீர்த் தொட்டியருகே நின்ற ஒரு காளைக்குக் கண்ணில் நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து பார்த்தேன். ஈறெல்லாம் புண். பின்பக்கம் கழிந்து, கிட்டப் போக முடியாத நாற்றம். குளம்பைத் தூக்கிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. குளம்பில் புண் இருந்தால் அது காணை. பத்து நாள் படுத்து எழுந்துவிடும். குளம்பு சுத்தமாக இருந்து வாய் வெந்துகிடந்தால் அது வெக்கை. வந்த தொழுவத்தைக் காலி பண்ணாமல் அது போகாது.

நேரே உன் வீட்டுக்கு வந்தேன். நீ சட்டசபையில் படிக்கவேண்டிய காகிதத்தை உரக்கப் படித்துப் பழகிக்கொண்டிருந்தாய்.

"வெக்கை வந்திருக்குது. சந்தைய நிறுத்திப்போடு," என்றேன்.

காகிதத்தைக் கீழே வைத்தாய். "அந்தப் பேர இன்னொருக்கா சொல்லாதே."

"நான் சொல்லாட்டிப் போனா மாடு சாகாதா?"

"பெரிய சந்தைடா இது. எத்தன ஊரு சனம் வருது. நான் மெம்பராகி மொத மொத நடத்தற சந்தை. அதையப் போயி நிறுத்துன்னா, என்ற மொகத்தை எங்க கொண்டு வெச்சுக்கறது?"

"உன்ற மொகமா இப்பப் பெருசு?"

நீ கோபிக்கவில்லை. கிட்ட வந்து என் தோளில் கை போட்டாய். "யாரோ மேல எழுதிப் போட்டுட்டான். நாளைக்கு சர்க்கார் ஆளு பாக்க வர்றாரு. அவருக்கு மாட்டப் பத்தி ஒண்ணும் தெரியாது. உன்னையத்தான் கேப்பாரு. காணைன்னு சொல்லிப்போடு. அந்த மந்தைய நான் அக்கட்டால ஓட்டிப்போடறேன். ஒரு சந்தை, ஒரே ஒரு சந்தை மாப்ளே."

நான் உன் கையை விலக்கினேன். நீ குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாய். "பையன் எப்பிடி இருக்கறான்? நல்லா இருக்கறானா?"

அவ்வளவுதான். ஆஸ்பத்திரி என்றோ வண்டி என்றோ ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். பையனைப் பற்றி மட்டும் கேட்டாய். அந்தப் பகலையும் நீ சந்தைக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாய் என்று அப்போது தெரிந்தது.

மறுநாள் அந்த உத்தியோகஸ்தர் குடையைப் பிடித்துக்கொண்டு தொட்டிக்குப் பத்தடி தள்ளி நின்றார். "என்ன நோய்?" என்று என்னைக் கேட்டார். நீ அவருக்குப் பின்னால் நின்றாய்.

"காணைங்க," என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். யாரும் குளம்பைத் தூக்கிப் பார்க்கவில்லை.

நீ ஓட்டிவிடுவதாகச் சொன்ன மந்தை அங்கேயேதான் நின்றது. பெரிய சந்தையன்று அதையும் மற்றவற்றோடு கலந்து விற்றாய். செல்லாத்தாளை உனக்கு நினைவிருக்காது. புருஷன் இறந்த பிறகு தனியாளாக நின்று மூன்று ஏக்கர் மேட்டு நிலத்தில் கடலை போட்டுக்கொண்டிருந்தவள். எங்கள் ஊர்க்காரி. உன் ஆள் ஒரு காங்கேயத்து ஜோடியை அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துக் கேட்டாள்.

"ஏனுங்க வைத்தியரே, இந்த ஜோடியப் புடிக்கலாமுங்களா? உங்க வாயால ஒரு சொல்லு சொல்லிப்போடுங்க."

இடதுபக்கத்துக் காளையின் கண்ணோரம் ஈரமாக இருந்தது. நீ பந்தலுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். தலையை மட்டும் ஆட்டினேன். அவள் ஜோடிக்குக் குங்குமம் வைத்து ஓட்டிக்கொண்டு போனாள்.

ஒரு மாதத்துக்குள் இந்தப் பக்கத்து ஊர்களில் தொழுவங்கள் காலியாகிவிட்டன. உழவு நேரத்தில் மாடில்லை. நான் ஊர் ஊராக ஓடினேன். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து அரைத்துக் கை வெந்தது. ஒன்றும் நிற்கவில்லை. செல்லாத்தாளின் ஜோடி போயிற்று. அந்தத் தொழுவத்திலேயே கட்டியிருந்த அவளுடைய கறவை மாடும் போயிற்று. தோலெல்லாம் எங்கே போயிற்று என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் கிடங்குக்கு வெளியிலும் கூரை போட்டு அடுக்க வேண்டி வந்தது.

அதன் பிறகு நீ செய்ததுதான் இன்றைக்கும் எனக்கு நம்ப முடியாதது. எர்ணாகுளத்துக்குப் போய், சட்டசபையில் எழுந்து நின்று, மாடிழந்த குடியானவர்களுக்காக அழுதாய். சர்க்கார் உதவ வேண்டும் என்றாய். அன்று தூங்கவில்லை. பேச்சு பத்திரிகையில் வந்தது. நீயே நூறு பிரதி வாங்கி ஊரெல்லாம் கொடுத்தாய். எனக்கும் ஒன்று அனுப்பினாய். கால்நடைகளின் காவலர் என்ற பட்டம் அந்தப் பத்திரிகையிலிருந்து வந்ததுதான். சந்தையில் புதிதாக ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டி, அதில் உன் பேரையும் வெட்டி வைத்தாய். மாடு வளர்க்கிறவர்கள் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனதை நான் பார்த்தேன். நான் உன்னோடு பேசுவதை நிறுத்தினேன். நீ அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

கடைசித் தேர்தலில் உன்னைவிடப் பெரிய வியாபாரி ஒருவனிடம் தோற்றாய். காலில் நீர் கோத்துப் படுத்துவிட்டாய். ஆளனுப்பிக் கூப்பிட்டாய். வந்தேன். சாகப்போகிற மனுஷன் ஏதாவது ஒரு சொல் சொல்லுவான் என்று நினைத்து வந்த முட்டாள் நான். மத்தியான வெயிலுக்கு ஜன்னலில் தட்டி கட்டியிருந்தார்கள். கூட இருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்தாய்.

"அந்த வெக்கை விசயம், யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல."

"அப்பச் செரி," என்றாய். கையை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. நீ என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

உன் காரியமெல்லாம் முடிந்த மறுநாள் நான் செல்லாத்தாளைத் தேடிப் போனேன். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அதே நிலத்தில் கூலிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உன் பேரைச் சொன்னேன். நீ கேட்டதையும் நான் சொன்னதையும் சொன்னேன். அவள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், அதை வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன்.

அவள் கையிலிருந்த களைக்கொத்தைத் துடைத்துக்கொண்டு, "அவரு வியாபாரிங்க. அவரு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேனுங்க. நீங்க தலையாட்டுனீங்கன்னுதான் புடிச்சேன்," என்றாள்.

உன்மேல் எனக்கு இருக்கும் அருவருப்பில் ஒரு சுகம் இருக்கிறது. உன்னை நினைத்துக் காறித் துப்பினால் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட முடிகிறது. அவள் சொன்ன சொல்லை அப்படித் துப்ப முடியவில்லை.

வரப்போரத்தில் அவளுடைய கன்று ஒன்று கட்டியிருந்தது. தாடைக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். கீறிவிட்டு மருந்து வைத்துக் கட்டினால் இரண்டு நாளில் வற்றிவிடும். மருந்துப்பை என் தோளில்தான் இருந்தது. நான் கன்றைப் பார்ப்பதை அவளும் பார்த்தாள். முளையைப் பிடுங்கி, நான் நின்ற இடத்திலிருந்து அதைத் தூரமாக ஓட்டிக்கொண்டுபோய், அந்தப்பக்கத்துப் பனைமரத்தில் கட்டிவிட்டு வந்து களை எடுக்க உட்கார்ந்தாள்.