நாலு அங்குல உயரம்

செப்டம்பர் 14, ஞாயிறு

மனை விற்கிற ஆபீசுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம். காலையிலிருந்து மூன்று குடும்பங்களை வண்டியில் ஏற்றிச் சைட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்தேன். மதியம் முதலாளி வசந்தகுமார் கூப்பிட்டார்.

"இளங்கோ, நீ சஸ்பென்ஷன் லைன்ல இருந்தவன்தான? நம்ம தார் ஜீப்ப உசரமா தூக்கணும். எந்தக் கிட்டு போடலாம்னு நீயே பாத்துச் சொல்லு."

வாய் நிறையப் பாக்கு. பேசும்போது ஒரு துணுக்கு என் சட்டையில் வந்து ஒட்டியது. வெளியே வந்து தண்ணீர் போட்டுத் தேய்த்தேன், கறை போகவில்லை.

ஆனாலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். ஒரகடம் கார் ஃபேக்டரியில் ஒன்பது வருடம் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாட்டிய கை இது. கான்ட்ராக்ட் முடிந்தது என்று கேட்டிலேயே கார்டை வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு இந்த இரண்டு வருடத்தில் 'நீயே பார்த்துச் சொல்' என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை.

செப்டம்பர் 17, புதன்

சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டில் டில்லிபாபுவின் ஷெட்டுக்குப் போனேன். ஜீப்பை உயர்த்துவதுதான் அவன் தொழில். இரண்டு வழி சொன்னான். ஒன்று, இருக்கிற ஸ்பிரிங்குக்கு மேல் கட்டையாக ஒரு வட்டைச் செருகுவது. ஸ்பேசர் என்பார்கள். சுலபம், ஆனால் பள்ளத்தில் தூக்கித் தூக்கிப் போடும். இன்னொன்று முழுக் கிட்டு. நீளமான ஸ்பிரிங், நீளமான ஷாக் அப்சார்பர், கோணம் கெடாமல் இருக்கத் தனி பிராக்கெட், நீளமான பிரேக் குழாய்.

"ரெண்டு இஞ்ச் போதும்ணா. நாலு போட்டா வளைவுல சாயும். ஆர்டிஓ கண்ணுல பட்டா வேற கேள்வி. ஆமா, எதுக்கு இது? மலை ஏறப் போறாரா உங்க ஓனரு?"

எனக்குத் தெரியவில்லை. சைட் ரோடு சேறு, அதற்காக இருக்கும் என்றேன்.

செப்டம்பர் 20, சனி

முதலாளிக்கு இரண்டு அங்குலம் போதாதாம். "கம்பத்துல கறை கீது பாரு, அளந்துகினு வா. அதுக்கு மேல நிக்கணும் வண்டி" என்றார்.

எந்தக் கறை?

செப்டம்பர் 21, ஞாயிறு

அளந்தேன். சைட்டின் நடுவில் இருக்கிற கரண்ட் கம்பத்தில், போன மழைக்குத் தண்ணீர் நின்ற கறை. தரையிலிருந்து இருபத்தாறு அங்குலம். பக்கத்து ஏரி நிறைந்தால் தண்ணீர் இங்கேதான் வந்து நிற்கும். நூற்றுப்பத்து மனை. எல்லாவற்றுக்கும் வெள்ளைக் கல், எல்லாவற்றுக்கும் நம்பர்.

ஆபீசில் அளவைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"போன வருசம் பார்ட்டிங்கள இட்டுனு போனா கதவுக்குள்ள தண்ணி வந்துச்சி. எல்லாம் பேக் அடிச்சிட்டானுங்க. இந்தத் தடவ ஏசியப் போட்டு, பாட்டப் போட்டு, உசரத்துல உக்கார வச்சிக் காட்டணும். கீழ எவ்ளோ நிக்குதுன்னே தெரியக்கூடாது. குலுங்கவும் கூடாது. புரியுதா?"

புரிந்தது. 'சரிண்ணே' என்றேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

செப்டம்பர் 22, திங்கள்

என் மனைவி மஞ்சுளா ஃபேக்டரியில் பி ஷிப்ட் முடிந்து ராத்திரி வந்ததும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"எங்க லைன்ல தப்புப் பீஸ் வெளிய போச்சின்னா, செஞ்சவ, பாத்தவ, கையெழுத்து போட்டவ எல்லாரையும்தான் நிக்க வப்பாங்க. நீங்க இன்னா பண்ணலாம்னு கீறீங்க?"

"வண்டி ஓட்றவன்தான நான்?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அக்டோபர் 8, புதன்

நாலு அங்குல முழுக் கிட்டு. பெரிய டயர். ஷாக் அப்சார்பரை நானே தேர்ந்தெடுத்து, டில்லிபாபுவோடு நானே படுத்து மாட்டினேன். ஓட்டிப் பார்த்தேன். பள்ளத்தில் இறங்கியதே தெரியவில்லை, படகு மாதிரி போகிறது. இவ்வளவு சுத்தமாக நான் ஃபேக்டரியில்கூட வேலை செய்ததில்லை.

சீச்சீ. என்ன மனுஷன் நான்.

அக்டோபர் 26, ஞாயிறு

நாலு நாள் மழை. சைட்டில் தண்ணீர். மேலே எண்ணெய்ப் படலம், கோழிக்கடைக் கழிவு, குழந்தைக்குக் கட்டும் டயப்பர் ஒன்று ஊதிப்போய் மிதந்தது. வண்டிக்குள் எலுமிச்சை வாசனை.

இன்று வந்தவர் காமாட்சியம்மாள். அங்கன்வாடியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாக வந்தார், அறுபது வயதுக்கு மேல். ஏறுவதற்கு நான்தான் கை கொடுத்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்து, "தண்ணி நிக்குதே தம்பி?" என்றார். முன்சீட்டிலிருந்து வசந்தகுமார் திரும்பாமலே, "நேத்து பெஞ்சதும்மா. அரை அடிகூட இல்ல. சாயங்காலம் வடிஞ்சிடும்" என்றார்.

அந்த அம்மாவுக்கு மனை பிடித்துவிட்டது. இறங்கி ஒரு பிடி மண் எடுத்துக்கொள்கிறேன், சாமி படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும் என்றார். "சேறும்மா, வழுக்கி வுழுந்துடுவீங்க. நம்ம பையன் எடுத்தாருவான்" என்று சொல்லி, வெளியே மெயின் ரோட்டுக்கு வந்ததும், "இதுவும் நம்ம சைட் மண்ணுதாம்மா" என்று என்னை இறங்கச் சொன்னார். கண்ணைக் காட்டினார்.

ரோட்டோரத்தில், குப்பைமேட்டுக்குப் பக்கத்தில், காய்ந்த இடமாகப் பார்த்து ஒரு பிடி அள்ளிப் பேப்பரில் மடித்துக் கொடுத்தேன். அந்த அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினேன். பிறகு இன்னொரு முறை. சாப்பிட உட்கார்ந்துவிட்டு எழுந்துபோய் இன்னொரு முறை.

அக்டோபர் 30, வியாழன்

காமாட்சியம்மாள் ஐம்பத்தேழாம் நம்பர் மனையைப் பதிவு செய்துவிட்டார். ஆபீசில் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தார்கள். என் பங்கை ஆபீஸ் வாசல் நாய்க்குப் போட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

ஒரு இளம் ஜோடி. சஞ்சய், யுவஸ்ரீ. இரண்டு பேரும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரே ஃபேக்டரியில் வேலை. அந்தப் பெண்ணுக்கு ஆறாம் மாதம். இவ்வளவு உயரத்தில் எப்படி ஏறுவாள்? ஸ்டூல் போட்டேன்.

சைட்டில் வசந்தகுமாருக்கு போன் வந்தது. அவர் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பெண் என் சீட்டுக்குப் பின்னால் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணா, நீங்க தெனம் வரவரு. உண்மையச் சொல்லுங்க. இங்க தண்ணி நிக்குமா?"

கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. என் முகமும் தெரிந்தது.

"ரோடு போட்டா சரியாயிடும்மா" என்றேன்.

நவம்பர் 10, திங்கள்

யாரும் என்னை மிரட்டவில்லை. அவர் போனில்தான் இருந்தார். நானாகத்தான் சொன்னேன்.

நவம்பர் 13, வியாழன்

முழங்காலுக்குக் கீழே தடிப்பு, அரிப்பு. திங்களன்று பின்டயரில் ஏதோ சுற்றிக்கொண்டது என்று தண்ணீரில் இறங்கினேன், அதனால்தான். டாக்டர் களிம்பு கொடுத்தார். மஞ்சுளா தடவிவிட்டாள். "அந்தப் பொண்ணு அங்க வூடு கட்டி, கொழந்தைய வச்சிகினு இந்தத் தண்ணியிலதான நடக்கணும்" என்றாள். குத்திக்காட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஜோடி மறுபடி வருகிறார்கள். கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்களாம்.

நவம்பர் 16, ஞாயிறு

ராத்திரி நல்ல மழை. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பியதுமே தண்ணீர்தான். வசந்தகுமார் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் வருகிறது, பஸ் ஸ்டாப் வருகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். வண்டி ஆடாமல் அசையாமல் போனது. என் வேலை.

கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். இன்ஜினை ஓடவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினேன். தண்ணீர் தொடைக்கு வந்தது. கால் சேற்றில் இன்னும் இறங்கியது.

"டேய், இன்னா பண்ற? ஏறு."

நான் பின்சீட்டுக் கண்ணாடிப் பக்கம் போய் நின்றேன். யுவஸ்ரீ கண்ணாடியை இறக்கினாள். "அன்னிக்குக் கேட்டீங்களேம்மா. இவ்ளோ நிக்கும். போன வருசமும் இவ்ளோதான் நின்னுது, கம்பத்துல கறை கீது பாருங்க. அன்னிக்கு நான் சொன்னது பொய்."

சஞ்சய் எட்டிப் பார்த்தான். முதலில் என் இடுப்பைப் பார்த்தான், பிறகு தண்ணீரை. உள்ளே ஏசியும் பாட்டும் ஓடிக்கொண்டிருந்தன. யுவஸ்ரீ, "வூட்டுக்குப் போலாம்" என்று அவனிடம் சொன்னாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஈரப் பேண்டோடு ஏறி உட்கார்ந்து, அவர்களைப் படப்பையில் இறக்கிவிட்டேன். அவர்கள் போனதும் வசந்தகுமார், "சாவிய வச்சிட்டுப் போ. நீ இல்லன்னா இன்னொருத்தன் ஓட்டுவான்" என்றார். நான் இறங்கியதும் சன்னல் வழியாகத் துப்பினார், என் கால் பக்கத்தில் விழுந்தது.

அவர் சொன்னதில் பொய் இல்லை. இன்னொருத்தன் ஓட்டுவான். வண்டி நன்றாக இருக்கிறது.

நவம்பர் 24, திங்கள்

டில்லிபாபு ஷெட்டில் சேர்ந்துவிட்டேன்.

நவம்பர் 30, ஞாயிறு

காமாட்சியம்மாள் போன் செய்தார். ஆபீசில் எடுக்கவில்லையாம், அதை விட்டால் என் நம்பர் மட்டும்தான் அவரிடம் இருந்ததாம்.

"தம்பி, என் மனைய ஒரு தபா பாக்கணும். ஆட்டோக்காரன் உள்ள வர மாட்டேன்றான். நீ அந்த ஜீப்ப எட்த்துனு வர்றியா?"

ஜீப் இப்போது என்னிடம் இல்லை என்றேன். நடந்துதான் போக வேண்டும், நான் கூட வருகிறேன் என்றேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

போனோம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் தோளைப் பிடித்தபடி வந்தார். பாதி தூரம்கூடப் போகவில்லை. தண்ணீர் இடுப்பைத் தொட்டதும் நின்றுவிட்டார். ஐம்பத்தேழாம் நம்பர் கல் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை.

திரும்பும்போது, "உன்னையும் சேத்துதான் ஏமாத்திகிறான் படுபாவி" என்றார். என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

நான் வாயே திறக்கவில்லை. இதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம்.

டிசம்பர் 8, திங்கள்

காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். காமாட்சியம்மாளோடு போனேன். வாசலில் மனு எழுதுகிறவர் எல்லாவற்றையும் கேட்டு எழுதிவிட்டு, என்னைப் பார்த்தார்.

"நீ யாரு? சொந்தமா?"

"அந்த ஆபீஸ் டிரைவர். இப்ப இல்ல. சாட்சி சொல்ல வந்தேன்."

"டிரைவருக்கு இதுல இன்னா தெரியும்?"

"ஜீப்ப நாலு இஞ்ச் தூக்கி, பெரிய டயர் போட்டது நான். உள்ள ஒக்காந்துகிறவங்களுக்குத் தண்ணி ஆழம் தெரியக்கூடாதுன்னு."

அவர் பேனாவை நிறுத்தினார். "தெரிஞ்சேவா பண்ண?"

"தெரிஞ்சேதான்."

அவர் காமாட்சியம்மாளிடம், "இதையும் எழுதிடவாம்மா?" என்று கேட்டார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். வசந்தகுமாரை நான் எப்படிப் பார்ப்பேனோ, அப்படி. பிறகு, "எழுதுங்க" என்றார். நான் கையெழுத்துப் போட்டு, போன் நம்பரும் எழுதினேன். அந்த அம்மா மட்டும் உள்ளே போய் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டார். நான் பின்னால் போய் நின்றேன். வாலாஜாபாத், ஒரகடம் எல்லாம் தாண்டியது.

படப்பையில் இறங்கினதும் நான் ஒதுங்கி நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் கடந்து நாலு அடி போய், நின்றார்.

"அடுத்த திங்கக்கெழம தாலுக்கா ஆபீசுல விசாரணையாம். பத்து மணிக்கு. வந்து சேரு."