ஆடாத தண்ணீர்

செவ்வாய், இரவு.

ஊரப்பாக்கம் சலவை ஆலைக்கு பாய்லர் கெமிக்கல் இறக்கப் போனேன். பாய்லர் ஓட்டும் செல்வம், தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பெருமையாகக் காட்டினான். "பாத்தியாண்ணா, காலைலேர்ந்து பாதியிலயே நிக்குது. ஆடவே இல்ல."

ஓடுகிற பாய்லரில் தண்ணீர் ஆடாமல் இருக்காது. குழாயை வடித்துப் பார்த்தேன். தண்ணீர் திரும்ப ஏறவில்லை. குழாய்க்கு வரும் வழியை உப்பு அடைத்திருக்கிறது; கண்ணாடி பழைய மட்டத்தையே காட்ட, உள்ளே தண்ணீர் வற்றி பாய்லர் காய்கிறது. அவன் கை தண்ணீர் பம்ப் சுவிட்சுக்குப் போனது. தட்டிவிட்டேன். "டேய், பழுக்கக் காஞ்ச இரும்புல தண்ணி வுட்டா ரெண்டு பேரும் காலி. நெருப்ப அணை!"

சற்றுமுன் ஆலை முதலாளி போன் செய்தார். "அடைப்ப எடுத்தாச்சு. காலைல பத்த வெச்சிடுவோம்."

"உள்ள செக் பண்ணாம வேணாம் சார், காஞ்ச இரும்பு வலுவிழந்திருக்கும், வெடிச்சிடும்."

"நீ சரக்க மட்டும் போடுய்யா."

செல்வத்தைப் போனில் கூப்பிட்டு, நாளைக்குப் போகாதே என்றேன்.

"நான் போவலன்னா அங்க வேல பாக்குற என் மச்சான பாய்லர்ல நிக்க வெப்பாருண்ணா."