சத்தமாகப் படித்தவனுக்கு

கூடத்தில் போன் பாடம் வாசித்துக்கொண்டிருக்கிறது. என் மகள் தாரணி நாலாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தின் பக்கத்தை அம்மாவின் போனில் படம் பிடித்துப் போட்டிருக்கிறாள். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வரி வரியாகச் சொல்கிறது. முயல் ஓடினாலும் அதே குரல், ராஜா செத்தாலும் அதே குரல். முற்றுப்புள்ளியைக் கண்டால் மூச்சு விடுவதில்லை, நடு வாக்கியத்தில் எதற்கோ நின்று யோசிக்கிறது. நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

சமையலறை ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு உனக்கு இதை எழுதுகிறேன். எழுதுகிறேன் என்று சொல்வதுகூட அரைப்பொய்தான். நான் பேசுகிறேன், என் போன் எழுதிக்கொள்கிறது. அப்புறம் அதையே வாசிக்கச் சொல்லிக் கேட்டு, தப்பைத் திருத்துகிறேன். உன்னிடம் மட்டுமாவது இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

எட்டாம் வகுப்பில் நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது நான் பெரிய கில்லாடி. எழுத்து எனக்குத் தெரியும். வரிதான் பிடிபடாது. ஒரு வரியில் பாதி போவதற்குள் கண் அடுத்த வரிக்கு இறங்கிவிடும், திரும்பி வந்தால் விட்ட இடம் இருக்காது. மற்றவர்கள் வாசிப்பதை ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே மனசில் ஒட்டிக்கொள்ளும். அதை வைத்தே வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் தமிழ் ஐயா என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார். முந்தின நாள் அவர் வாசித்துக் காட்டிய பாடம்தான். ஏற்ற இறக்கத்தோடு கடகடவென்று ஒப்பித்தேன். இவனைப் பாருங்கடா, எப்படித் தடங்கல் இல்லாமல் படிக்கிறான் என்று ஐயா வகுப்புக்கே சொன்னார். என் கையில் திறந்திருந்ததோ வேறு ஏதோ செய்யுள் பக்கம். நீ அதைப் பார்த்தாய். கையை நீட்டி, பக்கங்களைத் தள்ளி, சரியான பாடத்தில் விரித்து வைத்தாய். என் முகத்தைக்கூட நீ பார்க்கவில்லை.

சாயந்திரம் என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"எனக்கு மனசுக்குள்ள படிச்சா ஏறாதுடா. சத்தமா படிச்சாதான் ஏறும். தனியா கத்தினா வீட்ல லூசுன்னு நெனப்பாங்க. நீ சும்மா வந்து பக்கத்துல உக்காரு, போதும்."

வந்தேன். சிட்லபாக்கத்தில் உங்கள் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டு நீ படிப்பாய், நான் கேட்பேன். வரலாறு, அறிவியல், ஆங்கிலப் பாடத்தின் கேள்வி பதில் எல்லாம். எனக்கு எங்கே புரியவில்லையோ அங்கே உனக்குச் சந்தேகம் வந்துவிடும். "இது என்னடா, புரியலையே, இன்னொரு தடவை படிக்கிறேன்" என்பாய். எங்கள் வீட்டில் யாரும் படிப்பைப் பற்றிக் கேட்டதில்லை. ஏரி ஓரத்து நிலத்தை விற்றுக் கடை கட்டி வாடகைக்கு விட்டிருந்த சமயம் அது. "பத்தாவது தாண்டினா போதும், இன்னாத்துக்கு இப்டி ராவெல்லாம் அலைஞ்சிகினு கீற" என்று அப்பா அலுத்துக்கொள்வார். வாத்தியார் வீட்டுப் பிள்ளையோடு சுற்றுகிறான், கெட்டுப்போக மாட்டான் என்று அம்மாவுக்கு மட்டும் ஒரு நிம்மதி.

பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கியபோது உங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரில் பாடங்களைப் பேசிப் பதிவு செய்தாய். திரும்பக் கேட்டால் உனக்கு மறக்காதாம். பிறகு, "நீயே வச்சுக்கடா, எங்க வீட்ல எடமில்ல" என்று கேசட்டுகளை என் தலையில் கட்டினாய். சர்ச் பாடல்கள் இருந்த பழைய கேசட்டுகள். ஒளிச்சேர்க்கை முடிந்ததும் கிறிஸ்துமஸ் கேரல்ஸ் நடுவிலிருந்து தொடங்கும். பரீட்சை ஹாலில் இலை பச்சையாக இருப்பதன் காரணத்தை எழுதும்போது எனக்குள் மணியடித்துக்கொண்டு ஒரு பாட்டு ஓடியது. கேள்வித்தாளை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்து முடிக்கவே பாதி நேரம் போய்விட்டது. மீதி நேரத்தில் எழுதியதற்குத் தேறிவிட்டேன். நீ பள்ளியிலேயே முதல்.

ரிசல்ட் வந்த அன்று லட்டு கொண்டுவந்தபோது உன் அம்மா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்: "அவன் படிக்கிற சத்தமே வீட்ல கேக்காதுப்பா. உன்கூட இருந்தா மட்டும்தான் இப்படிக் கத்திப் படிக்கிறான்." நீ உள்ளே தட்டு எடுக்கப் போயிருந்தாய். திரும்பி வந்ததும் நான் ஒன்றும் கேட்கவில்லை. லட்டு நன்றாக இருக்கிறது என்றேன்.

அதற்குப் பிறகும் நாம் அப்படியேதான் இருந்தோம். நான் பாலிடெக்னிக் முடித்து ஒரகடத்தில் சூப்பர்வைசர் ஆனேன். நீ சானடோரியம் ஸ்டேஷனில் ரயிலேறி இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போய்வந்தாய். கம்பெனி சர்க்குலரை நான் சட்டைப்பையில் மடித்து எடுத்து வருவேன். அதைப் பிரித்து, "என்னடா இங்கிலீஷ் இது" என்று திட்டுகிற சாக்கில் முழுக்கப் படித்துவிடுவாய். ஒருநாள் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் டீ குடிக்கும்போது என் போனை வாங்கி எதையோ ஏற்றிக் கொடுத்தாய். கண் வலிக்கிறதாம் உனக்கு, படம் பிடித்தால் இதுவே படித்துச் சொல்லிவிடுகிறதாம். "நான் இத வச்சுத்தான் பேப்பரே கேக்குறேன். நீயும் வச்சுக்க, வயசாகுதுல்ல" என்றாய். உன் மூக்கில் கண்ணாடிகூடக் கிடையாது. அன்றிலிருந்து என் காதில் எப்போதும் இயர்போன். நான் பாட்டுப் பைத்தியம் என்று கம்பெனியில் பேர். அந்தப் பேரை நானும் ஆசையாகவே வைத்துக்கொண்டேன்.

நீ போன வருஷம் போய்விட்டாய். நெஞ்சுவலி என்று காலையில் போன் வந்தது, நான் சிட்லபாக்கம் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மறுநாள் சர்ச்சில் ஆராதனை தொடங்கும் முன்னால் உன் மனைவி என்னைக் கூப்பிட்டாள். கையில் உன் பைபிள்.

"சங்கீதத்துல ஒரு பகுதி நீங்க வாசிங்கண்ணா. ரெண்டு பேரும் சேந்து படிச்சவங்க. நீங்க வாசிச்சா அவருக்குப் பிடிக்கும்."

அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது, நீ அவளிடம்கூடச் சொல்லவில்லை என்பது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளிடம், வேடிக்கையாகக்கூட, என்னைப் பற்றி ஒரு வார்த்தை விடவில்லை. நான் தொண்டையைத் தொட்டுக் காட்டி, குரலே வரவில்லை என்று சைகை செய்தேன். உன் அலுவலகத்துப் பையன் ஒருவன் வாசித்தான். நன்றாகத்தான் வாசித்தான். அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தவள் அதற்கு நடுவிலும் யாரையோ அனுப்பி எனக்கு ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவரச் செய்தாள். வாங்கிக் குடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் எதையும் விழுங்கியதில்லை.

அதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

தாரணியின் டீச்சர் என்னை வரச்சொன்னார். கெட்டிக்காரப் பிள்ளை, கேட்டால் எல்லாம் சொல்கிறாள், வாசிக்கச் சொன்னால் மட்டும் தடுமாறுகிறாள் என்றார். சோம்பேறித்தனமில்லை சார், சில பிள்ளைகளுக்கு இப்படி இருக்கும், நாம்தான் வழி பண்ணிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு அட்டையைக் காட்டினார். கல்யாணப் பத்திரிகையை வெட்டி, நடுவில் ஒரு வரி அகலத்துக்கு ஜன்னல் மாதிரி திறந்து, மஞ்சள் கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தது. புத்தகத்தின்மேல் வைத்தால் ஒரு வரிதான் தெரியும், மற்றதெல்லாம் மறைந்துவிடும். அதோடு போனில் பாடத்தை வாசிக்கவிட்டு, கேட்டுக்கொண்டே விரலால் தொடர்ந்து வரச் சொல்லுங்கள் என்றார். நான் அந்த அட்டையை வாங்கிச் சுவரில் இருந்த திருக்குறள் மேல் தூரத்திலிருந்து பிடித்துப் பார்த்தேன். அவள் வயசில் எனக்கு இப்படி ஒரு துண்டு அட்டை கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே டீச்சர் கேட்டார், வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று.

"சேச்சே, எங்க வீட்ல யாருக்கும் இல்ல மேடம். இவதான் வெளையாட்டுப் புத்தி."

தாரணி என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். தரையைப் பார்த்தாள்.

இரண்டு வாரம் கழித்து டீச்சரிடமிருந்து போன். அட்டையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டாளாம். வகுப்பில் பிள்ளைகள் என்னவென்று கேட்டதற்கு, அது என்னுடையதில்லை என்றாளாம். வாசிக்க எழுப்பினால் இப்போது வயிற்றுவலி வருகிறதாம். எனக்குத் தொண்டை கட்டும், அவளுக்கு வயிற்றுவலி. அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றைக்குப் பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி அவளை இறக்கினேன். ஏன் தூக்கிப் போட்டாய் என்று கோபமாகத்தான் ஆரம்பித்தேன். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீங்க கரண்ட் பில்ல போன்ல காட்டிக் கேப்பீங்கல்ல. நான் பாத்திருக்கேன். டீச்சர் கேட்டப்ப இல்லன்னு சொன்னீங்க. அப்ப இது வெளிய சொல்லக் கூடாததுன்னு நெனச்சேன்பா."

வரி தப்புகிற கண் என்னிடமிருந்து அவளுக்கு வந்திருக்கலாம், அதற்கு நான் என்ன செய்ய முடியும். ஆனால் அதற்காகத் தலைகுனிகிற பழக்கத்தை நானல்லவா உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரே வாக்கியத்தில், அவள் காது கேட்க. நீயும் மறைத்தாய்தான். நீ மறைத்தபோது எனக்கு ஒருநாளும் நான் மட்டமானவன் என்று தோன்றவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். வராந்தாவில் இன்னும் நாலைந்து பெற்றோர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்கத்தான் கால் நினைத்தது. ஆனாலும் தாரணியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அன்றைக்கு நான் பொய் சொன்னேன் மேடம், எனக்கும் இதேதான், இன்றைக்கும் வாசிக்கத் திணறுகிறேன் என்று சொன்னேன். காதெல்லாம் சூடாகிவிட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. டீச்சர் தலையாட்டிவிட்டு, "அப்படியா சார், நல்லதாப் போச்சு, ரெண்டு பேரும் சேந்தே உக்காந்து படிங்க" என்றார். மேஜையிலிருந்து ஒன்றுக்கு இரண்டாக அட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். இதற்கா இத்தனை வருஷம் என்று இருந்தது.

உன் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. சிட்லபாக்கம் பக்கம் வண்டி போகும்போதெல்லாம் நினைக்கிறேன், அப்புறம் நேராகப் போய்விடுகிறேன்.

நேற்று தாரணி கேட்டாள், இந்த போன் எல்லாம் இல்லாதபோது யாருப்பா உங்களுக்குப் படித்துக் காட்டியது என்று. உன்னைப் பற்றிச் சொன்னேன். மொட்டை மாடி, கேசட், உன் கண்வலி, எல்லாம். கேரல்ஸ் வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"உங்களுக்காகத்தான் அந்த மாமா சத்தமா படிச்சாருன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா."

"உங்களுக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியுமா?"

லட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்ன அன்றிலிருந்து எத்தனையோ சாயந்திரங்கள், எத்தனையோ டீ. ஒரு தடவை சொல்லியிருக்கலாம். குழந்தை பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியவில்லையடா.