கரண்ட் வைத்த நாட்களில் கொடுத்த மாத்திரை

7.3.2005
இன்று என் வீட்டுக்காரருக்கு ஒன்பதாவது கரண்ட். கதிர்வீச்சை ஆஸ்பத்திரியில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். தொண்டைக் கட்டி கரைய முப்பத்தைந்து வைக்க வேண்டுமாம். வாயெல்லாம் புண். அரைக் கிண்ணம் கஞ்சிக்கு முக்கால் மணி நேரம். ஹார்பரில் லோடு ஏற்றும்போது இவர் குரல் கொடுத்தால் கேட் வரை கேட்குமாம். இப்போது சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார்.

10.3.2005
தம்பி மஜீது துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறான். ஒரு டப்பா வைட்டமின் ஈ மாத்திரை கொடுத்தான். உடம்பு செல்லெல்லாம் கெடாமல் காக்குமாம், அங்கே எல்லோரும் சாப்பிடுகிறார்களாம். டாக்டரைக் கேட்கட்டுமா என்றேன். "வைட்டமின்தானேக்கா, இதுக்குப் போயி இன்னா கேக்குறது?" என்றான்.
கேட்கவில்லை. உள்ளே எண்ணெய் இருக்கும் அந்த மாத்திரையை ஊசியால் குத்திப் பாலில் பிழிந்து கொடுத்தேன்.

19.3.2005
புண் ஆறுகிறது. ஒரு இட்லி முழுசாகச் சாப்பிட்டார். "ஷம்ஷாத், இன்னொண்ணு வையி" என்றார். அவர் வாயால் என் பெயர் கேட்டு எத்தனை நாளாச்சு. அடுப்படியில் போய் அழுதேன்.

24.3.2005
மற்றவர்கள் வாயெல்லாம் ரணமாக இருக்க இவருக்கு மட்டும் எப்படி என்று நர்ஸ் கேட்டாள். மாத்திரை கொடுப்பதைப் பெருமையாகச் சொன்னேன். ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தாள்.
அவர் கோபப்படவில்லை. "இந்த மாத்திரை நல்ல செல்லைக் காப்பாத்துதும்மா, அதான் புண் ஆறுது. கட்டியையும் அதே மாதிரி காப்பாத்திட்டா? கரண்ட் வச்சே பிரயோஜனமில்ல. உறுதியா யாருக்கும் தெரியாது. பீடி குடிச்ச உடம்பு வேற, ஆபத்து ஜாஸ்தி. நிறுத்திடுங்க."
பதினைந்து நாள் குடுத்துக்கீறேன். யா அல்லாஹ், என் கையால.

25.3.2005
அவரிடம் சொன்னேன். வாயால் பேச முடிந்தும் சிலேட்டில் எழுதினார்: "கரண்ட் முடியும் வரை குடு." கூடாது என்றேன். சாப்பிட முடிகிறதே, அதைப் பிடுங்காதே என்று கையைப் பிடித்துக்கொண்டார். இப்படி அவர் என்னிடம் கெஞ்சியதில்லை.
டப்பாவை மஜீதிடம் திருப்பிக் கொடுத்தேன். தலை குனிந்து வாங்கிக்கொண்டான்.

2.4.2005
மறுபடி புண். எச்சிலில் ரத்தம். என் பக்கம் திரும்புவதேயில்லை. நான் செய்தது சரியா? அந்தப் பதினைந்து நாள் தப்பா, இந்த நாட்கள் தப்பா?

8.4.2005
மூக்கு வழியாக ட்யூப். இனி கஞ்சியும் அதில்தான்.

13.4.2005
கடைசி கரண்ட். ஆட்டோவில் வீடு வரை எனக்கு முதுகு காட்டியே உட்கார்ந்து வந்தார்.

11.7.2005
ட்யூபை எடுத்து ஒரு மாதமாகிறது. இன்று தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கட்டி தெரியவில்லை. இரண்டு வருஷம் போனால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியுமாம். அந்தப் பதினைந்து நாள் ஏதாவது கெடுத்திருக்குமா என்று கேட்டேன். டாக்டரம்மா என் தோளில் கை வைத்தார்.
தண்டையார்பேட்டை தாண்டி கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பஸ் நின்றுவிட்டது. இவர் ஜன்னலைப் பார்த்தபடி, கரகரத்த குரலில் சொன்னார்: "அன்னிக்கி நான் கெஞ்சுனப்போ நீ அந்த மாத்திரைய குடுத்திருந்தீன்னா, நான் முழுங்கிகினேதான் இருந்திருப்பேன். நீ குடுக்காததுதான் சரி."
மூன்று மாதத்தில் என்னிடம் அவராகப் பேசிய முதல் பேச்சு. வீடு வரும் வரை என் கையை விடவில்லை.