ரெண்டு பேருக்கும் ஒரு மூக்கு

அக்கா,

காலையில் என் மகளுக்குச் சளி. தைல டப்பாவைத் திறந்ததும் வாடை நெற்றிவரை ஏறியது. என் மூக்கு அவ்வளவு கூர்மை. அடுத்த வீட்டில் பால் அடிப்பிடித்தால் முதலில் சொல்கிறவள் நான்தான். ஒரே ஒரு முறை அது என்னைக் கைவிட்டது. அந்த நாளைப் பற்றித்தான் உனக்கு எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. ராசிங்காபுரத்திலிருந்து போடிக்குப் பஸ்சு, அங்கிருந்து போடிமெட்டுக்கு மேலே, நாம் ரெண்டு பேரும் வேலை பார்த்த ஏலக்காய் ஸ்டோருக்கு ஜீப்பு. காலையில் காய் உலர்த்தும் அறைக்குள் நுழைந்தால் வாசம் முகத்தில் அறையும். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே தெரியாது. திரும்பும்போது, "ஏலக்கா மூட்டை ரெண்டு ஏறிருச்சுப்பா" என்று கண்டக்டர் கேலி செய்வார். நாம் ஒருவர் கையை ஒருவர் மோந்து பார்த்து விழிப்போம்.

"உள்ள நிக்கிறவ மூக்கு செத்த மூக்குடி" என்பாய். "வெளிய இருக்கிறவ மூக்குதான் ரெண்டு பேருக்கும்."

அது நாம் வைத்துக்கொண்ட முறை. அடுப்பின் சூடும் புகையும் அறைக்குள் ஓடும் இரும்புக் குழாய் வழியாகப் போகும். குழாய் விரிசல் விட்டால் புகை உள்ளே இறங்கும்; மூடிய அறையில் ஆளையே மயக்கிச் சாய்த்துவிடும். கதவைத் திறந்து வைக்கவும் முடியாது. சூடு போனால் காயின் பச்சை வெளுத்துவிடும். அதனால் நீ உள்ளே போய்த் தட்டுகளைக் கிளறும் முன், வெளிக்கொட்டகையில் காய் புடைக்கும் நான் தலையை நீட்டி மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த ஐப்பசி மழையில் எனக்குச் சளி. மூக்கின் கீழே தைலம் அப்பியிருந்தேன். அந்த வாடைகூட எட்டவில்லை. மூக்கு அடைத்ததைச் சொன்னால் நீ கங்காணியிடம் வேறு ஆள் கேட்பாய். அவர் என்னை மழையில் காய் பறிக்க அனுப்பிவிடுவார். முந்தின வாரம்தான் பறிக்கப் போய், அட்டை கடித்துக் கால் வீங்கிக் கிடந்தேன். எனக்கு அந்தக் கொட்டகையின் கதகதப்பு வேண்டியிருந்தது. அவ்வளவுதான் அக்கா, வேறு காரணமில்லை.

தலையை நீட்டினேன்.

"புகை வாடை அடிக்குதாடி?"

"இல்லக்கா. ஏலக்கா வாசந்தான்."

"அப்ப வெரசா முடிச்சுட்டு வர்றேன். கஞ்சிய ஊத்தி வையி."

ஊற்றி வைத்த கஞ்சியில் ஆடை படிந்தது. நீ வரவில்லை. கதவைத் திறந்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். ஒரு கை தட்டிலேயே இருந்தது. களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டாய் என்றுதான் முதலில் நினைத்தேன். ஜீப்பு வளைவு வளைவாக இறங்கியபோது உன் தலை என் மடியில் இருந்தது. போடி வருவதற்குள் உன் கை சில்லிட்டுவிட்டது. உன் தலைமுடியில் புகை நாறியதா, ஏலக்காய் மணத்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

குழாயில் விரல் நுழையுமளவு விரிசல். எல்லாரும் குழாயைத் திட்டினார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துக்க வீட்டில் என் அழுகையைப் பொறுக்காமல் உன் வீட்டுக்காரர்தான் பக்கத்தில் வந்தார்.

"அழுகாத ஆத்தா. வெளிய நின்ன உனக்கே வாடை வரலையே, உள்ள இருந்தவளுக்கு எப்பிடித் தெரியும்? உம்மேல என்ன தப்பு?"

நான் தலையாட்டினேன். அவர் போன வருஷம் போய்ச் சேர்ந்தார், அந்தத் தலையாட்டலை நம்பியபடியே.

பத்து நாளில் சளி விட்டது. எனக்கு முதலில் திரும்பிவந்த வாசம், என் சேலையில் ஒட்டியிருந்த ஏலக்காய். அதற்குப் பிறகு நான் மலை ஏறவில்லை. பாயசத்தில்கூட ஏலக்காய் போடுவதில்லை. கேட்டால், பிடிக்காது என்று சொல்லிவிடுவேன்.

இன்று மகளின் நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டே, "வாடை காரமா இருக்காடி?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் தெரியலம்மா. மூக்கு அடைச்சிருக்கு" என்றாள்.

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். நான் அதைச் சொல்லியிருந்தால் நீ இருந்திருப்பாய், அக்கா.