கல்குழிக்குப் போன கிணறு

செப்டம்பர் 10

இந்த நாட்குறிப்பில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். அப்பாவைப் பற்றியதாக இருந்தாலும்.

விடியற்காலை சோயா முளைகளுக்குத் தண்ணீர் விட அம்மா மோட்டாரைப் போட்டாள். காற்றுதான் வந்தது. கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது. தண்ணீர் போதாத தொட்டிகளில் முளை நீளவில்லை. வேர் மயிர் மயிராகக் கிளைத்திருக்கிறது. இதைப் பள்ளிச் சமையற்கூடத்தில் வாங்க மாட்டார்கள். குழாய்த் தண்ணீர் விட்டால் மருந்து வாடை.

அப்பாவுக்கு மலையடிக் கல்குவாரியில் வேலை. குழியில் ஊறும் தண்ணீரைப் பெரிய மோட்டாரால் இறைத்து ஓடையில் விட வேண்டும்.

"ஹேவொன் அப்பா, நீங்க அங்க இறைக்கிறது என் கிணத்துத் தண்ணியத்தான்," என்றாள் அம்மா. என் பெயரை வைத்துத்தான் அப்பாவைக் கூப்பிடுவாள்.

அப்பா கிம்ச்சி ஊறுகாய்த் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார்.

குழி எங்கள் கிணற்றைவிட ஆழம். தண்ணீர் பள்ளத்துக்குத்தானே போகும்? இது அவருக்குத் தெரியாதா?

செப்டம்பர் 15

ஊர்க்கூட்டம். மழை இல்லாததுதான் காரணம் என்றாராம் குவாரி மேலாளர் பியோன். மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்து கிணற்றை அளக்கப்போகிறார்கள் — சூசொக் பண்டிகை விடுமுறை முடிந்த மறுநாள் காலை. அந்தத் தேதியைச் சொன்னது பியோன்தானாம். அதிகாரிகளையே வரவழைத்துவிட்டோம் என்று ஊர்த்தலைவருக்கு ஒரே பெருமை. எனக்கும்.

செப்டம்பர் 24

சூசொக். குவாரியில் சத்தம் இல்லை. கொடியில் காய்ந்த துணியில் தூசி இல்லை.

செப்டம்பர் 26

கிணறு ஏறியிருக்கிறது. அம்மா எல்லாத் தொட்டிகளுக்கும் தாராளமாக விட்டாள், பாடிக்கொண்டே. நானும் குதித்தேன். பிறகுதான் உறைத்தது. ஒரு சொட்டு மழை இல்லையே, எப்படி ஏறியது? விடுமுறை. அப்பாவின் மோட்டார் ஓடவில்லை. அப்படியென்றால் நாளைக்கு அளக்கும்போது...

அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "தெரியும்," என்றார். அவ்வளவுதான். தெரியுமாம். தெரிஞ்சும் சும்மா உக்காந்திருக்காரு. என்ன மனுஷன் இவரு?

செப்டம்பர் 27

கிணற்றில் நாடாவை இறக்கினார்கள். பியோன் எட்டிப் பார்த்து, "என்னம்மா, இதுல நீச்சலே அடிக்கலாம் போலிருக்கே," என்றார்.

அளந்த அதிகாரி நாடாவைச் சுருட்டினார்.

அப்போது அப்பா வந்தார், குவாரிச் சட்டையோடே.

"சார், போயிடாதீங்க. லீவுல மோட்டார் ஓடல. அதான் தண்ணி நிக்குது. இப்பப் போய்ப் போடறேன். ரெண்டு நாள் கழிச்சு வந்து அளந்து பாருங்க."

"என்னப்பா, பொண்டாட்டிக்குப் பயமா?" என்றார் பியோன்.

"அவளுக்குப் பயப்படாதவங்க இந்த ஊர்ல யாரு சார் இருக்காங்க?"

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி வருவதாக ஒப்புக்கொண்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார். மோட்டாரைப் போட்டால் தொட்டியில் இருக்கும் முளை அத்தனையும் போகும். அவருடைய வேலையும். அம்மா கிணற்றை எட்டிப் பார்த்தாள்.

"போடுங்க," என்றாள்.

செப்டம்பர் 29

நாடா சேற்றைத் தொட்டது. பியோன் வரவே இல்லை.

செப்டம்பர் 30

தண்ணீர் இல்லாமல் சூடேறி அழுகிய முளைகளைக் கோழிகளுக்குக் கொட்டினோம். அவையும் தின்னவில்லை.

அக்டோபர் 19

விசாரணை முடியும்வரை குழியில் இறைக்கக் கூடாது என்று உத்தரவு. முடிந்த பிறகு? கேட்டால் ஊர்த்தலைவர் வானத்தைப் பார்க்கிறார். கிணறு மெதுவாக ஏறுகிறது. குவாரியில் வேலை போன வீட்டுக்காரர்கள் எங்களைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். என் தோழி மின்சலும்தான். அவள் அப்பா கல் அறுப்பவர். அவளிடம் நான் என்ன சொல்ல? சரியாகத்தானே செய்தோம்? பிறகு ஏன் எனக்குப் படிப்பில் மனம் ஓடவில்லை?

அப்பா இப்போது அம்மாவிடம்தான் வேலை பார்க்கிறார். அவர் விடும் தண்ணீரில் பாதி தரைக்குப் போகிறது. சற்று முன்னும் திட்டு வாங்கினார். "வெளிச்சம் பட்டா முளை பச்சையாயிடும்னு எத்தனை தடவ சொல்றது? கொட்டகை லைட்ட அணைக்காமயே வந்து உக்காந்துட்டீங்களே."

அப்பா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். ஜன்னலில் நின்று பார்த்தேன். முளைக் கொட்டகையில் விளக்கு அணைந்தது.