ஒரே நடை, இரண்டு தடவை

மார்ச் 3, செவ்வாய்

காலை ஐந்தரைக்கே வெக்கை. இலை அசையவில்லை. பள்ளிமுனையிலிருந்து பாலம் வரை போய்த் திரும்பினேன். நடுவீதியில் மூன்று கழுதைகள். பஸ் எவ்வளவு அலறியும் எழும்பவில்லை. அவற்றை யாரும் நிறுப்பதில்லை.

எடை 75.6. போன செவ்வாயும் 75.6.

74 வேண்டும். நவம்பரில் யாழ்ப்பாணத்துக் கிளினிக்கில் டொக்டர் சொன்னது: "உங்கட கிட்னி அண்ணாவுக்குப் பொருந்துது. எடைதான் கூட. எழுபத்து நாலு வந்த உடன வாங்கோ, திகதி பாக்கத் தேவையில்லை. வராட்டியும் மார்ச் பன்னிரண்டு ரெண்டு பேரும் வாங்கோ." அப்போது நான் 79. அண்ணாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. செவ்வாய், வெள்ளி டயலிசிஸ். அம்மாவுக்குச் சீனி வருத்தம், அவரிடம் எடுக்க முடியாது. மிச்சம் நான்.

வாசித்த நாவல்களில் தியாகம் செய்கிறவர்கள் எல்லோரும் மெலிந்தவர்கள். எடை கூட என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒருவரையும் எங்கும் படித்ததில்லை.

மாலை போனில் உள்ள கலோரிச் செயலியில் பதிந்தேன். நடை, 55 நிமிடம், 300. இன்னும் 620 கலோரி சாப்பிடலாம் என்றது. அம்மா பாரை மீன் பொரியல் இரண்டு துண்டு வைத்தார்.

"காணும் அம்மா, போதும்."

"என்ன காணும்? ஒண்டை எடுக்கப் போறாங்கள். எடுக்கிற உடம்பில ஏதும் இருக்க வேணுமெல்லே."

620 இருந்தது. சாப்பிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

தவக்கால ஒருசந்தி. ஒரு நேரச் சாப்பாடுதான். அப்படியும் 75.7.

சிலுவைப்பாதைக்குப் போகவில்லை. அண்ணா டயலிசிஸ் முடிந்து வந்து சத்தி எடுத்தார். கால் வீக்கம். படிக்கட்டில் இருத்தி வாயும் முகமும் கழுவிவிட்டேன். கொஞ்சம் தெளிந்ததும் பகிடி.

"எடி, உன்ர கிட்னியைப் போட்டா எனக்கும் புத்தகம் வாசிக்கிற வருத்தம் வருமோ?"

"வரும். முதல்ல கண்ணாடி வரும்."

"அப்ப வேண்டாம். வேற ஆளைப் பாப்பம்."

அவர் மீன்பிடிக்கக் கடலுக்குப் போய் ஒன்றரை வருடம். கை மெத்தென்று ஆகிவிட்டது. பிடித்தபோது வேறு யாருடையதோ கை போல.

செய்ய வேண்டியவை: 12க்கு லீவுக் கடிதம். கிளினிக் கொப்பி. சப்பாத்துக்குப் பசை.

மார்ச் 9, திங்கள்

மேகம். மழை இல்லை.

கந்தோரில் அடுத்த மேசை ஷஃபீனா, எருக்கலம்பிட்டிக்காரி. நோன்பு. நானும் சாப்பிடப் போகவில்லை. காரணம் கேட்டாள். எடை அசையவில்லை என்றேன்.

"போனைக் காட்டு பாப்பம். நோன்போட மற்றவையின்ர சாப்பாட்டுக் கணக்குப் பாக்கிற ஆள் நான் ஒருத்திதான்."

விரலால் மேலும் கீழும் தள்ளினாள்.

"நீ நாளுக்கு ரெண்டு தரமோ நடக்கிறாய்?"

"ஒருதரம்."

"இங்க ரெண்டு கிடக்கு. இது உன்ர கை மணிக்கூடு தானா போனுக்கு அனுப்பினது, முந்நூற்றுப் பத்து. இது நீ கையால போட்டது, முந்நூறு. ரெண்டும் ஒரே நடை. ரெண்டையும் கூட்டித்தான் உன்னைச் சாப்பிடச் சொல்லுது."

நவம்பர் மாதத்துக்குத் தள்ளினாள். அங்கேயும் இரண்டு. டிசம்பரிலும்.

"மணிக்கூடு அனுப்பும் எண்டு உனக்குத் தெரியாதா?"

தெரியும். தெரிந்துதான் எழுதினேன். சின்ன வயதில் கோயிலில் முதல் நன்மை வாங்கப் படித்த காலத்தில் சிஸ்டரிடம் கேட்டேன், ஆண்டவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, பிறகு ஏன் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும் என்று. "அவருக்குத் தெரியும். ஆனா நீ சொல்ல வேணும்," என்றார். அன்றிலிருந்து இரவுச் செபத்துக்கு முன் நாளை நினைத்துப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லும் பழக்கம். போனிலும் அதே மாதிரி. மணிக்கூட்டுக்குத் தெரியும், ஆனால் நான் சொல்ல வேண்டும். ஒரு பாவத்தை இரண்டு தரம் சொன்னாலும் அது ஒரு பாவம்தான். நடை அப்படியில்லை.

நூற்றுப் பன்னிரண்டு நாள். நாளுக்கு முந்நூறு கலோரி கூடுதல். ஒரு கிலோவுக்கு ஏழாயிரத்து எழுநூறு என்றாள் ஷஃபீனா. நாலு கிலோவுக்கு மேல். கடதாசியில் இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன். 74ஐ ஜனவரிக் கடைசியிலேயே தொட்டிருப்பேன்.

"இனிக் கையால ஒண்டும் போடாத. மணிக்கூட்டை மட்டும் விடு. அது தாறதையும் முழுசாச் சாப்பிடாத, அதுவும் கூட்டித்தான் சொல்லும்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "அழாத. நோன்பு திறக்கேக்க உங்கட அண்ணாவுக்குத் துஆ கேக்கிறன்."

ஜனவரிக் கடைசி.

மார்ச் 11, புதன்

74.7. இரண்டு நாளாகத் தேத்தண்ணீரும் வெள்ளரிக்காயும். இது கொழுப்பு அல்ல, வெறும் தண்ணீர்தான் இறங்கியது என்று தெரியும். தராசுக்குத் தெரியாது.

நாளை: சப்பாத்துக் கழற்ற வேண்டும். மணிக்கூடு, சங்கிலி, காதணி. மெல்லிய சட்டை. காலையில் தண்ணீர் குடிப்பதில்லை.

"முகம் வெளிறிக் கிடக்கு," அம்மா. வெயில் என்றேன்.

அண்ணாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 12, வியாழன்

விடியக்காலை பஸ். அண்ணா யன்னல் பக்கம். பூநகரி தாண்டும்வரை நித்திரை.

கிளினிக் தாழ்வாரத்தில் தராசு. நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றேன். தாதி வந்து, "போடுங்கோ தங்கச்சி. டொக்டர் முதல்ல கதைக்கோணுமாம்."

போன கிழமை எடுத்த எக்கோப் படம் டொக்டரின் மேசையில். அண்ணாவின் இதயம் பலவீனமாகிவிட்டது. "மயக்கி வெட்டினாத் தாங்கமாட்டார். கிட்னி மாத்திறதை விடுவம். டயலிசிஸோட எவ்வளவு தூரம் போகேலுமோ போவம்."

அண்ணா "சரி டொக்டர்" என்றார். கடையில் சாமான் இல்லை என்றால் சொல்வது போல.

நான், "என்னை இன்னும் நிறுக்கேல்லை டொக்டர்."

"தேவையில்லை பிள்ளை."

அண்ணா மருந்து எடுக்கப் போன பிறகு திரும்பிப் போய்க் கேட்டேன். ஜனவரியில் நான் 74 ஆக வந்திருந்தால்?

கொப்பியைப் புரட்டினார். "ஜனவரியில எக்கோ நல்லாத்தான் இருந்தது." என்னைப் பார்த்துவிட்டு, "செய்திருப்பம் எண்டு சொல்லேலாது. அதை யோசிக்காதேங்கோ."

கைப்பையில் மணிக்கூடு துடித்தது. எடுத்துக் கட்டினேன். நிற்கிற இடத்திலேயே நாடி 131. உடற்பயிற்சியைப் பதியவா என்று கேட்டது.

மார்ச் 14, சனி

வெக்கை. நடக்கவில்லை.

பின்னேரம் முற்றத்தில் அண்ணா தனியாக இருந்தார். மற்றக் கதிரையை இழுத்துப் போட்டுச் சொன்னேன். மணிக்கூடு, கையால் எழுதியது, நூற்றுப் பன்னிரண்டு நாள், ஜனவரி, டொக்டர் சொன்னது. ஒன்றும் விடவில்லை.

முடிந்ததும் கடல் பக்கம் திரும்பினார்.

"எத்தினை கிலோ?"

"நாலு."

"நாலு கிலோ." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. கோபம் வரும் என்று நினைத்தேன். வந்திருந்தால் நல்லது. "வேற ஆருக்குத் தெரியும்?"

"ஷஃபீனாக்கு. எடைக் கணக்கு மட்டும். ஜனவரிக் கதை தெரியாது."

"அம்மாக்கு?"

"இல்லை."

"சொல்லாத." என் மணிக்கட்டைப் பிடித்தார், மணிக்கூட்டோடு சேர்த்து. "சாகும்மட்டும் சொல்லாத. அவ மணிக்கூட்டை நினைக்க மாட்டா. தான் போட்ட சோறு எண்டுதான் நினைப்பா."

தலையாட்டினேன். அவர் கையை எடுக்கவில்லை.

குசினிக்குள் இருந்து அம்மா. "பிள்ளை, ரெண்டு நாளா ஒண்டும் தின்னேல்லை. மீன் பொரிச்சிருக்கு, ஆற முன்னம் வா."

"போ," என்றார் அண்ணா. "போய்ச் சாப்பிடு. இன்னொரு துண்டும் கேட்டு வாங்கு."

போனேன்.